ஜார்ஜ் ஜோன்ஸ் – டாமி வைனெட் டூயட் ரெக்கார்டுகள்: புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் ஒரு காலத்தில் கணவன் மனைவியாக இருந்த அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர்கள். இருவரும் சேர்ந்து பாடி எபிக் கம்பெனி வெளியிட்ட எட்டு எல்.பி.க்களையும் (பல பாட்டுகள் உள்ள பெரிய ரெக்கார்டுகள்) நல்ல நிலையில் சேர்த்து முடிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. வழி தெரிந்திருந்தால் மூன்று மாதம் போதும். ஒரே பாட்டை நான்கு தடவை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். கணவன் மனைவி பாடியது என்று நம்பி, ஜோன்ஸ் வேறொருவரோடு பாடிய ரெக்கார்டை வாங்கியிருக்கிறேன். 'குட்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து நல்லது என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லித்தர எனக்கு யாரும் இருக்கவில்லை. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

நான் இருப்பது அமெரிக்காவில். கீழே உள்ள விலையெல்லாம் இங்கே நான் கொடுத்தது. ஊருக்கு வரவழைக்க நினைப்பவர்களுக்கும் ஆறாவது படியில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

தொடங்குமுன் நான்கு வருஷங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1969ல் இருவருக்கும் கல்யாணம். 1971ல் முதல் டூயட் எல்.பி. 1975ல் விவாகரத்து. 1980ல் எபிக்கில் கடைசி டூயட் எல்.பி. வாங்கும்போதும் கேட்கும்போதும் இவை உதவும்.

1. முதலில் காசு செலவழிக்காமல் கேளுங்கள்

ரெக்கார்டு வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். செல்போனில் ஏதாவது இசைச் செயலி இருந்தால் அதுவே போதும். ஆனால் 'ஜார்ஜ் அண்ட் டாமி' என்று மட்டும் தேடாதீர்கள். 2022ல் இவர்கள் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். அதில் நடித்த ஜெசிகா சாஸ்டெய்னும் மைக்கேல் ஷானனும் தங்கள் சொந்தக் குரலில் பாடியிருக்கிறார்கள். தேடினால் அந்தத் தொடரின் பாட்டுகளும் கலந்து வரும். நல்ல முயற்சிதான், ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. முழுப் பெயர்களையும் எல்.பி.யின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

சிடியில் கேட்க விரும்பினால் உங்கள் கவுண்டி நூலகத்துக்குப் போங்கள். அட்டை இலவசம். புகைப்பட அடையாள அட்டை ஒன்றும், முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ ஒன்றும் கொண்டுபோனால் அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். புதிதாக வந்து இன்னும் ஓட்டுநர் உரிமம் எடுக்காதவர்கள் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோகலாம். அங்கே அந்த சிடி இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது, காசு எதுவும் வாங்கவில்லை.

2. எது வேண்டும், எது வேண்டாம்

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய பட்டியல் இது. 'வி கோ டுகெதர்' 1971ல் வந்தது. 'மீ அண்ட் த ஃபர்ஸ்ட் லேடி', 'வி லவ் டு சிங் அபவுட் ஜீசஸ்' இரண்டும் 1972. 'லெட்ஸ் பில்ட் எ வேர்ல்ட் டுகெதர்', 'வி ஆர் கோனா ஹோல்ட் ஆன்' இரண்டும் 1973. 'ஜார்ஜ் அண்ட் டாமி அண்ட் டினா' 1975. 'கோல்டன் ரிங்' 1976. 'டுகெதர் அகெய்ன்' 1980. ஆக எட்டு. ஒன்பதாவதாக 1977ல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 'சதர்ன் கலிஃபோர்னியா' என்ற பாட்டுக்காக.

1995ல் 'ஒன்' என்று இன்னொன்று எம்.சி.ஏ. கம்பெனியில் வந்தது. அது சிடி காலத்துச் சரக்கு. சிடியாகவே வாங்கிக்கொள்ளலாம்.

இனி, தவறிப்போய் வாங்கிவிடக்கூடியவை. நான் விழுந்த குழிகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

'ஜார்ஜ் ஜோன்ஸ் டூயட்ஸ்' என்று எழுதியிருந்தால் உடனே எடுத்துவிடாதீர்கள். டாமியைச் சந்திப்பதற்கு முன்பே, 1963லிருந்து, ஜோன்ஸ் மெல்பா மான்ட்காமரியோடு நிறையப் பாடியிருக்கிறார். அப்புறம் ஜீன் பிட்னியோடும் பாடியிருக்கிறார். மெல்பாவோடு பாடியவை அருமையானவை, அவற்றைத் தனியாகத் தேடி வாங்கலாம். ஆனால் கணவன் மனைவிப் பாட்டு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். அதேபோல் டாமி 1967ல் டேவிட் ஹூஸ்டனோடு பாடிய டூயட்டுகளும் கடைகளில் கிடக்கும்.

மியூசிகார் என்ற கம்பெனிப் பெயர் இருந்தால் அது டாமியோடு பாடிய டூயட் அல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆனபோது ஜோன்ஸின் ஒப்பந்தம் மியூசிகாரோடு இருந்தது, டாமியின் ஒப்பந்தம் எபிக்கோடு. 1971ல் ஜோன்ஸ் எபிக்குக்கு மாறி, பில்லி ஷெரில் இருவருக்கும் தயாரிப்பாளர் ஆன பிறகுதான் டூயட் ரெக்கார்டுகள் வரத் தொடங்கின. இதில் குறிப்பாக ஒரு குழப்பம் உண்டு. 'டேக் மீ' என்ற பாட்டை ஜோன்ஸ் முன்பே மியூசிகாரில் தனியாகப் பாடிவிட்டார். 1971ல் டாமியோடு பாடியது வேறு பதிவு. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் தனிப்பாட்டு வந்து சேரும்.

கடைசியாக, தொகுப்பு சிடிகள். 'சூப்பர் ஹிட்ஸ்', '16 பிக்கஸ்ட் ஹிட்ஸ்' என்று வரிசையாக உண்டு. எதை வாங்கினாலும் 'கோல்டன் ரிங்', 'நியர் யூ', 'வி ஆர் கோனா ஹோல்ட் ஆன்', 'டூ ஸ்டோரி ஹவுஸ்' திரும்பத் திரும்ப வரும். காரில் கேட்க ஒன்று வாங்குங்கள், போதும்.

3. லேபிளின் நிறத்தைப் பாருங்கள்

ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம்தான் லேபிள். 1970களின் தொடக்கத்தில் எபிக் லேபிள் மஞ்சள். 1973 வாக்கில் ஆரஞ்சுக்கு மாறியது. 1979க்குப் பிறகு கரும்நீலம். அதனால் 'வி கோ டுகெதர்' ஆரஞ்சு லேபிளில் வந்தால் அது பிற்பாடு அச்சடித்த ரெக்கார்டு. 'கோல்டன் ரிங்' கரும்நீலத்தில் இருந்தாலும் அப்படியே.

அட்டையின் முதுகில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். எழுபதுகளின் முதல் அச்சுகளில் பெரும்பாலும் எண்ணுக்கு முன்னால் 'கே.ஈ.' என்ற இரண்டெழுத்து இருக்கும். அதே எண்ணுக்கு முன்னால் 'பி.ஈ.' என்று இருந்தால் குறைந்த விலைக்கென்று பிறகு வெளியிட்ட மறு அச்சு. பின்னட்டையில் பார்கோடு இருந்தாலும் அப்படித்தான்.

மறு அச்சு கெட்டதா என்றால் இல்லை. கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். முதல் அச்சின் விலைக்கு அதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

4. தர எழுத்துகளை அப்படியே நம்பாதீர்கள்

பழைய ரெக்கார்டு விற்பவர்கள் ஒரு பொதுவான தர வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். மேலிருந்து கீழாக: மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, குட் பிளஸ், குட், ஃபேர், புவர். 'குட்' கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் இருக்கிறது பாருங்கள். குட் என்றால் கரகரவென்று சத்தம் விடாமல் கேட்கும், இடையில் ஊசி தாவவும் கூடும். 'வெரி குட்' என்பதன் சுருக்கமான விஜியிலும் மெதுவான பாட்டுகளில் பொரிகிற சத்தம் கேட்கும். இவர்கள் பாடியதில் பாதி மெதுவான பாட்டுதான். அதனால் விஜி பிளஸுக்குக் கீழே இறங்காதீர்கள்.

இரண்டு தரங்கள் கொடுத்திருந்தால் முதலாவது ரெக்கார்டுக்கு, இரண்டாவது அட்டைக்கு. அட்டை கொஞ்சம் நைந்திருந்தால் பரவாயில்லை, விலை குறையும்.

நேரில் வாங்கினால் நீங்களே பார்த்துவிடலாம். ரெக்கார்டின் விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு வெளியே எடுங்கள். குழல்விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். நேராகப் பார்த்தபோது பளபளவென்று இருந்த அதே ரெக்கார்டில் முடிபோன்ற கோடுகள் தெரியத் தொடங்கும். இப்போது ஒரு கோட்டின் மேல் நகத்தைக் குறுக்காக, மிக மெதுவாக வையுங்கள். நகத்துக்குத் தட்டுப்படாவிட்டால் பெரும்பாலும் காதுக்கும் கேட்காது. நகம் தட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்' நிச்சயம். பிறகு கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். அலைபோல் வளைந்திருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். வெயிலிலோ கார் டிக்கியிலோ கிடந்தது அது.

அட்டையை மோந்தும் பாருங்கள். நிலவறை ஈர நாற்றம் அடித்தால் வாங்காதீர்கள். வீட்டில் மற்ற அட்டைகளுக்கும் பூஞ்சை தொற்றும்.

5. எங்கே வாங்குவது

இந்த ரெக்கார்டுகள் அபூர்வமானவை அல்ல. லட்சக்கணக்கான வீடுகளில் கன்ட்ரி இசை ஒலித்த காலத்தில் வந்தவை. அதனால் அவசரப்பட்டு 30, 40 டாலர் கொடுக்காதீர்கள். நான் கொடுத்த விலை ஒரு எல்.பி.க்கு 4 டாலரிலிருந்து 12 டாலர் வரை.

மிகவும் மலிவு, பெரியவர்கள் காலமான பிறகு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் எஸ்டேட் சேல். வெள்ளியில் தொடங்கி ஞாயிறு வரை நடக்கும். வெள்ளிக்கிழமை காலையில் வியாபாரிகள் வந்து ராக், ஜாஸ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கன்ட்ரி இசை பெரும்பாலும் அப்படியே இருக்கும். பல இடங்களில் கடைசி நாள் பாதி விலை. நான் ஞாயிறு மதியம்தான் போவேன். கார்டு வாங்க மாட்டார்கள் என்று நினைத்துச் சில்லறையாக ரொக்கம் கொண்டுபோங்கள்.

'வி லவ் டு சிங் அபவுட் ஜீசஸ்' எனக்கு அப்படி ஒரு வீட்டில்தான் கிடைத்தது, 2 டாலருக்கு. அட்டைக்குள் தேவாலயத்தின் ஞாயிறு நிகழ்ச்சித் தாள் ஒன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுக்காமல் அங்கேயே வைத்திருக்கிறேன்.

அடுத்தது பழைய ரெக்கார்டுக் கடைகள். கவுன்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியில் தேடாதீர்கள், தரையில் இருக்கும் பெட்டிகளில் தேடுங்கள். 'ஜே'யிலும் 'டபிள்யூ'விலும் இரண்டு இடத்திலும் பாருங்கள். ஜோன்ஸ் பெயரில் சிலர் அடுக்குவார்கள், வைனெட் பெயரில் சிலர்.

இந்த இரண்டிலும் ஆறேழு கிடைத்துவிடும். மீதிக்குத்தான் ஆன்லைன்.

6. ஆன்லைனில் வாங்கும்போது: பணம், தபால், ஆதாரம்

டிஸ்காக்ஸ் என்ற தளத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. லேபிள் நிறம், எண் எல்லாம் படத்தோடு இருக்கும். அங்கே விற்பவர்கள் தனித்தனி ஆட்கள், அதனால் ஆளைப் பார்த்து வாங்குங்கள். படம் போடாதவரிடம் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

தபால் செலவுதான் இங்கே பெரிய செலவு. அமெரிக்காவுக்குள் மீடியா மெயில் என்று ஒரு மலிவான வகை உண்டு. புத்தகத்துக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் மட்டும். ஒரு எல்.பி.க்கு 5, 6 டாலர் கேட்பார்கள். கூடச் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலருக்குள்தான் ஆகும். ஆகவே ஒவ்வொன்றாக வாங்காதீர்கள். ஒரே ஆளிடம் மூன்று நான்கு இருக்கிறதா என்று பாருங்கள். நான் முதலில் நான்கை நான்கு பேரிடம் வாங்கி, ரெக்கார்டுக்கு 28 டாலரும் தபாலுக்கு 22 டாலரும் கொடுத்தேன். வந்து சேர ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். டிசம்பரில் இன்னும் தாமதமாகும்.

பணம் கட்டியதும் விற்பவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: ரெக்கார்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து அனுப்பவும். இது முக்கியம். ஒருவர் ரெக்கார்டை அட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பினார். வழியில் பெட்டி விழுந்த வேகத்தில் ரெக்கார்டு கத்திபோல் அட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. 'மீ அண்ட் த ஃபர்ஸ்ட் லேடி' அட்டை இன்றும் என்னிடம் அப்படித்தான் இருக்கிறது.

பேபாலில் கட்டினால் 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' வழியில் கட்டச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். அந்த வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. முறைப்படி கட்டினால் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். புகாருக்கு ஆதாரம் வேண்டும். விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, விற்பவரோடு பேசிய செய்திகள், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ, இவை நான்கையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். விற்றுப்போனதும் சிலர் படங்களை எடுத்துவிடுவார்கள், அதனால் ஸ்கிரீன்ஷாட்டைப் பணம் கட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மீடியா மெயில் வெளிநாட்டுக்குக் கிடையாது. ஒரு எல்.பி.க்கே தபால் 25 டாலரைத் தாண்டும். கூரியரில் வந்தால் சுங்கத்துக்காக உங்கள் அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகலைத் தயாராக வைத்திருங்கள். அதற்கு மேல் சுங்க வரியும் உண்டு. இதற்குப் பதிலாக, இங்கே இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, அவர் ஊருக்கு வரும்போது கைப்பையில் கொண்டுவரச் சொல்வதே நல்லது. சூட்கேஸில் வைக்க வேண்டாம்.

7. வந்ததும் செய்ய வேண்டியது

குளிர்காலத்தில் பெட்டியை உடனே பிரித்து ஓட விடாதீர்கள். மூன்று நான்கு மணி நேரம் வீட்டு வெப்பத்தில் இருக்கட்டும். அப்புறம் பிரித்து, உள்ளே இருப்பது அட்டையில் சொன்ன ரெக்கார்டுதானா என்று லேபிளைப் படியுங்கள். பழைய வீடுகளில் ரெக்கார்டை மாற்றி மாற்றிச் செருகி வைத்திருப்பார்கள். கடைக்காரரும் கவனித்திருக்க மாட்டார்.

ரெக்கார்டைச் சுத்தம் செய்ய டிஸ்டில்டு வாட்டரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். பழைய காகித உள்ளுறையை மாற்றி, புதிய பிளாஸ்டிக் பூச்சுள்ள உறை போடுங்கள். ஐம்பது உறை 20 டாலருக்குள் கிடைக்கும்.

ரெக்கார்டை ஓட்டும் டர்ன்டேபிள் இல்லாதவர்கள் சூட்கேஸ்போல் மூடும் மலிவான பெட்டிகளை வாங்க வேண்டாம். பலவற்றில் ஊசியின் அழுத்தம் அதிகம், ரெக்கார்டு தேயும். நல்ல ஆரம்ப நிலை டர்ன்டேபிள் 150லிருந்து 200 டாலருக்குள் வரும். எட்டு ரெக்கார்டுகளின் மொத்த விலையைவிட அதிகம்தான். ஆனாலும் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

8. சின்ன ரெக்கார்டுகள்

நிமிஷத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும், பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிங்கிள் ரெக்கார்டுகள் ஒன்று 2, 3 டாலருக்குக் கிடைக்கும். நடு ஓட்டை பெரிதாக இருக்கும், அடாப்டர் தேவை. இவற்றில் பல, வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக். ஆல்கஹால் பட்டால் கெட்டுவிடக்கூடும். தேய்ந்த ஊசியில் ஓட்டினாலும் சீக்கிரம் பாழாகும். அவசரமில்லை, எல்.பி.க்கள் முடிந்த பிறகு பார்க்கலாம்.

9. எந்த வரிசையில் கேட்பது

எட்டும் கைக்கு வந்துவிட்டால் வந்த வருஷப்படியே கேளுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும்.

'மீ அண்ட் த ஃபர்ஸ்ட் லேடி'யில் 'த செரிமனி' என்று ஒரு பாட்டு. போதகர் பேச, இருவரும் கல்யாண உறுதிமொழியையே பாட்டாகப் பாடுகிறார்கள். நிஜக் கணவன் மனைவி, மைக்கின் முன்னால் மறுபடி மணம் செய்துகொள்கிறார்கள். அதற்கு அடுத்த வருஷம் 'வி ஆர் கோனா ஹோல்ட் ஆன்'. விடாமல் பிடித்துக்கொள்வோம் என்று பாடிய அந்தப் பாட்டு கன்ட்ரி இசைத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஜோன்ஸும் சேர்ந்து எழுதியது. 1975ல் வந்த ரெக்கார்டில் டாமியின் மகள் டினாவும் பாடுகிறாள். அந்த வருஷம்தான் விவாகரத்து.

இப்போது 'கோல்டன் ரிங்'கை எடுங்கள். பாபி பிராடக்கும் ரேஃப் வான் ஹோயும் எழுதியது. சிகாகோ அடகுக் கடையில் ஒரு மோதிரம். ஓர் இளம் ஜோடி அதை வாங்குகிறது, கல்யாணம் நடக்கிறது, சண்டை வருகிறது, மோதிரம் மறுபடியும் அடகுக் கடைக்கே போய்விடுகிறது. கதை மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். பாடுபவர்கள் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோரஸ் வரும்போது பின்னணிக் குரல்கள் தேவாலயப் பாடல்போல் எழும். அந்த இடத்தில் ஜோன்ஸின் குரலை மட்டும் பின்தொடருங்கள், சொல்லைக் கொஞ்சம் தாமதித்து, பல்லைக் கடித்தபடி இழுப்பார். இரண்டாவது தடவை ஊசியை வைத்து டாமியை மட்டும் கேளுங்கள். உரக்கப் பாடும்போதும் குரலின் அடியில் அழுகை இருக்கும். இதுவும், இதே எல்.பி.யில் உள்ள 'நியர் யூ'வும் முதலிடத்துக்குப் போனவை. மணவாழ்வில் இருந்தபோது இவர்களின் டூயட் ஒன்றுதான் முதலிடம் பிடித்தது, பிரிந்த பிறகு இரண்டு. வருஷங்களை மனதில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தொகுப்பு சிடியில் பாட்டுகள் முன்பின்னாகக் கலந்துவிடும், இது தெரியாது.

10. நாஷ்வில்லுக்குப் போனால்

நாஷ்வில் டென்னஸி மாநிலத்தில் உள்ள கன்ட்ரி இசை நகரம். ஒரு நாள் போதும். தாம்ஸன் லேனில் இருக்கும் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் இருவருமே இருக்கிறார்கள், தனித்தனி இடத்தில். ஜோன்ஸின் நினைவிடம் பெரிய வளைவோடு வெளியே, தூரத்திலிருந்தே தெரியும். டாமி உள்ளே, கல்லறை மாளிகைச் சுவரில். அனுமதி இலவசம். உள்ளே போகும் கட்டடத்தை மாலையில் சீக்கிரம் பூட்டிவிடக்கூடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள், அலுவலகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள். கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர் அளவில் வரும், அரை நாள் ஒதுக்குங்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் ஜார்ஜ் ஜோன்ஸ் அருங்காட்சியகம் என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். 2015ல் திறந்தார்கள், 2021ல் மூடிவிட்டார்கள். அதைத் தேடிக்கொண்டு இரண்டாவது அவென்யூவில் வண்டி நிறுத்தக் காசு கொடுக்காதீர்கள்.